கூடத்துக்கு வந்த கட்டில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்களுக்கு முழங்கால் வலி தேவலையா?

கட்டப்போகும் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் மாதிரியில், பழையதையும் திருத்தியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாறியதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எடுத்துவிட்டது சிவப்பாகத் தெரியும், புதியது பச்சையாக. நேற்று ஒரு வார்டின் கதவே சிவப்பாக நின்றது. எடுத்தவர் யாரிடமும் சொல்லவில்லை. "நல்லவேளை, உங்க கண்ணுல பட்டுச்சு. இல்லன்னா நோயாளிய ஜன்னல் வழியாத்தான் உள்ள தூக்கிப் போடணும்" என்று இன்ஜினியர் சிரித்தார்.

அதே பழக்கத்தில், நீங்கள் அனுப்பிய வீட்டுப் படத்தைப் போன வருஷப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். அப்பாவின் கட்டில் மாடியிலிருந்து கூடத்துக்கு வந்திருக்கிறது. குளியலறை வாசலில் புதிதாக ஒரு கைப்பிடி.

இங்கே குளிர். அப்பாவின் கம்பளியை அனுப்புங்கள். வேண்டாம், அவருக்கே இருக்கட்டும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் எது மாறினாலும் நீங்களே சொல்லிவிடுங்கள் அம்மா. நானாகக் கண்டுபிடிக்கும்படி வைக்காதீர்கள்.

உங்கள் மகள்