துணி காயும் இடம்

தோழி,

மழை இன்னும் கோவில்பட்டிக்கு வரவில்லை. எட்டயபுரம் பக்கம் எங்கோ பெய்திருக்க வேண்டும். நனைந்த கரிசல் வாசனை மட்டும் முன்னால் வந்துவிட்டது. மாடிக்கு ஓடினேன். கொடியில் உன் நீலத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. எடுக்க மனம் வராமல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

இந்த மாடி வீட்டில் என்னோடு தங்கிக் குற்றவியல் ஆராய்ச்சி செய்தவள் நீ. பிழைக்க வந்தவர்களும் வீடில்லாதவர்களும் எப்படி உடைந்து போகாமல் இருக்கிறார்கள் என்பதே உன் கவலை. கடம்பூர் போளியை வாயில் அடைத்துக்கொண்டு நீ சட்டம் பேசுவதைக் கேட்டு எவ்வளவு சிரித்திருக்கிறேன்! யாரிடமும் வீடு எங்கே என்று நீ கேட்டதில்லை. "துணி எங்கன காயப் போடுதீங்க?" என்றுதான் கேட்பாய். எனக்கு அது கிறுக்காகவே பட்டது.

ஒருநாள் பேருந்து நிலையத்தில் யாருடைய கைப்பேசியோ காணாமல் போக, ஒடிசாவிலிருந்து வந்து அங்கே மூட்டை தூக்கிப் பிழைத்த, உன் ஆராய்ச்சிக்காக நீ பேசிப் பழகிய ரஞ்சனைப் பிடித்துப் போனார்கள். சோதித்ததில் கையில் ஒன்றுமில்லை, ஆனாலும் விடவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினாய்.

"வீடு இல்ல, விலாசம் இல்ல. விட்டா நாளைக்கு எங்கன போய்த் தேட?" என்றார் ஏட்டையா.

"வாங்கய்யா, அவரு இருக்குற இடத்தக் காட்டுதேன்."

நீ காட்டியது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு வேம்புக்கு நடுவே கட்டிய கயிறு. அதில் ஒரு சட்டை, ஒரு கைலி. ஏட்டையா சிரித்துவிட்டார். எதிரே டீக்கடை அக்கா கரண்டியோடு வெளியே வந்தார்.

"சிரிக்காதீங்க சார். அவரு வந்த நாள்ல இருந்து அந்தச் சட்டை இங்கனதான் காயுது. மழை வந்தா நாந்தான் எடுத்து வைக்கேன். எப்பத் தேடினாலும் எங்கிட்ட வாங்க."

அந்தப் பேச்சை நம்பி மாலையே ரஞ்சனை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, நீ முகம் துடைத்த துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாய்: "மழை வந்தா நம்ம துணிய எடுத்து வைக்க ஒரு ஆள் இருக்கணும்ட்டி. அதான் வீடு."

போன ஐப்பசியில் காய்ச்சலென்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. உன் அண்ணன் வந்து பெட்டியையும் புத்தகங்களையும் எடுத்துப் போனார். துண்டை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அழுக்கே படாத துண்டை வாராவாரம் அலசிப் போடுகிறேன். அந்தி மங்கலில் அது காற்றில் உப்பும்போது நீ முதுகைக் காட்டி நிற்பதுபோல் இருக்கும், கூப்பிடக்கூட வாயெடுப்பேன். நீ இல்லாமல் இந்த வீடு பிடிக்கவே இல்லட்டி.

இதோ, முதல் துளி கையில் விழுந்துவிட்டது. உன் துண்டை எடுத்து உள்ளே வைக்கிறேன்.