ஏழு நாளில் அழிந்த குரல்

மச்சான்,

உனக்கு ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் உன் குரலும் போய்விட்டது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொடுத்த கணிதப் பாடங்களில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. அழித்தது நான். தெரியாமல் செய்தேன் என்றாலும் செய்தது நான்தான்.

அன்று காலை முந்தலிலிருந்து வந்த இறாலை நிறுக்க ஆளை விட்டுவிட்டு, உன் வகுப்பில் படிக்கும் என் மகளின் போனை வாங்கினேன். நீ இருந்தபோது உன் பாடம் ஒன்றையும் நான் முழுதாகக் கேட்டதில்லை. இப்போதாவது கேட்போம் என்று குழுவைத் திறந்தேன். உன் பெயர் இருந்தது, படம் இருந்தது. பாடம் இல்லை. நீ மவுத்தாகிப்போன செய்திக்குக் கீழே பிள்ளைகள் எழுதியிருந்ததும் இல்லை.

"மகள், எங்க சேர்ட பாடமெல்லாம்?"

"அது எப்பவும் அப்பிடித்தானே வாப்பா. ஒரு கிழமையில சேர் அழிச்சிடுவார். அப்பதான் நாங்க பிந்தாமக் கேப்பம் எண்டு."

நீ எங்கே அழித்தாய்? ஒரு கிழமை என்ற கணக்கு என்னுடையது.

நீ என் இறால் வாடிக் கொட்டிலுக்கு வந்து குந்தியிருந்து நான் வியாபாரம் பண்ணுவதைப் பார்த்துச் சிரித்த நாளை நினைத்துப்பார். தோணிக்காரர் பிடித்ததைப் படம் எடுத்து என் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், நான் விலையைக் குரலில் சொல்லுவேன், அவர்கள் ஏசுவார்கள், நான் கால் பங்கு ஏற்றுவேன். "இவங்கள் விடியத் தொடக்கம் கணக்குத்தான் மச்சான் செய்யிறாங்கள். என்ர பிள்ளைகள் இதையே கரும்பலகையில கண்டா நித்திரை கொள்ளுதுகள்," என்றாய். அப்படியே உன் போனை நீட்டி, "எனக்கும் இப்பிடி ஒண்டு திறந்து தா," என்றாய்.

திறந்தேன். என் விலைக் குழு எப்படியோ அப்படியே. எனக்கு இரண்டு சட்டம். ஏழு நாளில் எல்லாம் தானாக அழிய வேண்டும். போன கிழமை விலையை இந்தக் கிழமை எவனும் தூக்கிக் காட்டக் கூடாது. மற்றது, குழுவில் வருவது வெளியே போகக் கூடாது. இரண்டாவதை உனக்குச் சொன்னேன், நீ பிள்ளைகளுக்குச் சொன்னாய். முதலாவதைச் சொல்ல நினைவே வரவில்லை. எனக்கு அது மூச்சு விடுவது போல. குழுவின் தலைப்பில் அதைச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி கிடந்ததாம். யார் வாசித்தது?

ஒருநாள் நீயே சொன்னாய், "என்ர போனில பழசு நிக்குதில்ல மச்சான், நிறைஞ்சா தானா தள்ளுது போல." நான் என்ன சொன்னேன்? "வாத்தி, அந்தப் பெட்டியைக் கடல்ல எறிஞ்சிட்டுப் புதுசு வாங்கு." அந்த இடத்தில் ஒரு விநாடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

பாலாவியில் நான் வாங்கிய உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்தாயே. "இந்த மனுசன்ட உயரம் நூற்றி அறுபத்திரண்டு சென்ரிமீற்றர். அப்ப குவியல்ல எவ்வளவு உப்பு? விடை மட்டும் வேணாம், வந்த வழியைக் குரல்ல சொல்லுங்க." ஒரு பிள்ளை, "சேர், அங்கிள் வயித்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நிக்கிறார், அதையும் கணக்கில எடுக்கிறதா?" என்று கேட்டதாம். அடுத்தநாள் வகுப்பில் பிழையான வழிகளைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, எங்கே சறுக்கியது என்று எல்லோரையும் தேடவிட்டாய். நான் கண்ணால் மதித்ததும் பிழைதான். "முப்பது வருசம் உப்பு வாங்கினவன் பதினோராம் வகுப்பிட்டத் தோத்துப்போனான்," என்று ஊர் முழுக்கச் சொன்னாய்.

பரீட்சைக்கு ஐந்து கிழமை இருக்கிறது. உன் இடத்துக்கு ஆள் வரவில்லை. வசதி உள்ள பிள்ளைகள் டியூசனுக்குப் போய்விட்டார்கள். வண்ணாத்திவில்லிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு உன் குரல்தான் டியூசன். இப்போது அதுவும் இல்லை.

உன் போனைக் கேட்டு வீட்டுக்குப் போனேன். தரும்போது, என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் உன் மனைவி ஒன்று மட்டும் கேட்டார். "அதுக்குள்ள அவர்ட குரல் கிடக்கா நானா?" பார்ப்போம் என்றேன். புத்தளத்தில் போன் திருத்துகிறவன் அரை மணித்தியாலம் நோண்டிவிட்டு, "போனது போனதுதான் நானா," என்றான். அதை உன் வீட்டில் போய்ச் சொல்ல என்னால் முடியவில்லை. மூன்று நாள் அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போனேன்.

மகளைக் கொண்டு குழுவில் கேட்டேன், யாராவது பழைய பாடம் வைத்திருக்கிறீர்களா என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டேன்.

நீ சொல்லுவாய், "பிழையை ஒளிச்சா அது பெருக்கும். நடுவில வைச்சா எல்லாருக்கும் பாடம்." நான் வியாபாரி. பிழையை நடுவில் வைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று பழகியவன். ஆனாலும் மகளின் போனை வாங்கிப் பேசினேன். "பிள்ளைகள், சேர் ஒண்டையும் அழிக்கல்ல. குழுவைத் திறந்த நான்தான் ஏழு நாள் வைச்சது. சேருக்கே தெரியாது. பிழை என்னில." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு வாடி வாசலில் ஒரு பிள்ளை வந்து நின்றது. சனி ஞாயிறில் என்னிடம் இறால் தலை கிள்ளுகிற பிள்ளை. உன் வகுப்பு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அங்கிள், ஏச மாட்டீங்களா?"

"சொல்லு மகள்."

"நான் பாடமெல்லாத்தையும் குவைத்தில இருக்கிற உம்மாக்கு அனுப்பினன். என்ர போனில இடமில்லாம அழிச்சிட்டன், உம்மாட்ட கிடக்கு. வெளிய அனுப்பக் கூடாது எண்டு சேர் சொன்னது. அதான் பயத்தில சொல்லல்ல."

என் ஒரு சட்டம் உன்னை அழித்தது. மற்றச் சட்டத்தை அந்தப் பிள்ளை மீறியதால் நீ குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்காரியின் போனில் இருக்கிறாய், மச்சான்.

அந்த உம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் இரண்டு மணித்தியாலம்தான் போன் கையில் கிடைக்கும். வெள்ளி வரும் வரைக்கும் காத்திருந்தேன். பேசினாள்.

"வெள்ளியில உடுப்புகளை அயன் பண்ணி மினுக்கேக்க அந்த சேர்ட பாடத்தைத்தான் கேப்பன் நானா. எனக்கு ஒண்டும் விளங்காது. மகள் கேட்டதை நானும் கேக்கிறன் எண்டு ஒரு ஆறுதல்."

"எல்லாத்தையும் ஒரேயடியா அனுப்பேலாதா தங்கச்சி?"

"எங்கட வீட்டுக் கதையோட கலந்து கிடக்கு. கேட்டுக் கேட்டுப் பிரிக்கோணும். ஒரு வெள்ளிக்கு ஆறு."

"பத்து?"

"ஆறு நானா."

எத்தனையோ பேரோடு பேரம் பேசியிருக்கிறேன். இவளிடம் ஒரு அங்குலம் நகர்த்த முடியவில்லை. அறுபது பாடம் இருக்கிறதாம். பரீட்சைக்கு முன் பாதிதான் வரும். எந்தப் பாதியை முதலில் கேட்பது என்று எனக்குத் தெரியாது. உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

மாதிரிக்கு ஒன்று அனுப்பினாள். உப்புக் குவியல். "இந்த மனுசன்ட உயரம்" என்று நீ தொடங்குகிறாய். அதை உன் மனைவிக்குக் கேட்கக் கொடுத்தேன், கொடுத்தபிறகு மற்றதெல்லாம் அழிந்தது என்னால்தான் என்ற உண்மையையும் சொன்னேன். அவர் அந்தப் பாடத்தைத் திரும்பவும் போட்டுக் கேட்டார். எனக்கு இனி அந்த உயரம்தான். லொறியில் போகும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேட்கிறேன், நீ என்னை அளக்கிறாய்.

அந்த உம்மாவோடு பேசி முடித்தது இதுதான். வெள்ளிக்கு ஆறு பாடம், ஐந்து வெள்ளி. அவள் மகள் பரீட்சை முடியும் வரை என் வாடிப்பக்கம் வரக் கூடாது, சனி ஞாயிறு கூலி மட்டும் குறையாமல் வீட்டுக்குப் போக வேண்டும். வெளியே அனுப்பியதற்காக அந்தப் பிள்ளையை ஒருவரும் ஏசக் கூடாது. குழுவில் இனி எதுவும் அழியக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.