பனங்கருக்கின் உலை முடக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்
செ. சத்தியநேசன்,
த/பெ (காலஞ்சென்ற) செல்லக்கண்,
பெனியேல் இல்லம், இஞ்சிவிளை,
பாறசாலை அஞ்சல்,
திருவனந்தபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: ‘ஏழ்கோட்டை’ என்னும் இணைய விளையாட்டில் நான் வடித்த ஆயுதங்களை இயந்திரம் வடித்தவை என்று முடிவு செய்து, என் கணக்கை முடக்கி, ‘மோசடிக்காரர்’ என்று அறிவித்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை கோருதல் – அவசரம்.

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா அவர்களுக்கு,

பணிவுடன் எழுதுவது. தாய்மொழி தமிழ் ஆனதால், மொழிச் சிறுபான்மையினருக்கு உள்ள உரிமையின்படி இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். பொருள் வரியில் ‘விளையாட்டு’ என்ற சொல்லைப் பார்த்ததும் தாங்கள் இதை ஓரமாக வைத்துவிடக்கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். என் தாயார் ரத்னாபாயே, “மக்ளே, கம்பியூட்டருக்க உள்ள இரும்புக்கு ஆராவது பெட்டிசன் போடுவாவளா?” என்றுதான் கேட்டார். போட வேண்டியிருக்கிறது.

1. எனக்கு முப்பத்தைந்து வயது. விழிஞ்ஞம் பகுதியில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டினேன். வேலையில்லாத நாளில்கூட வீட்டில் இருந்தவன் அல்ல. பைக்கை எடுத்துக்கொண்டு களியக்காவிளை, பூவார், எங்கேயாவது போய்விட்டு வருவேன். அந்த பைக்கிலிருந்துதான் ஒரு மழைநாளில் விழுந்தேன். யார் மீதும் குற்றமில்லை. கழுத்துப் பகுதியில் முதுகெலும்பு முறிந்தது. தோளுக்குக் கீழே எனக்கு எதுவும் அசையாது. ஒரு பக்கமாகப் படுத்திருந்து அலுத்தால், திரும்பிப் படுக்க இன்னொருவர் வந்து திருப்ப வேண்டும். உடம்பு அடங்கிவிட்டது, மனம் அடங்கவில்லை. அது இன்னும் பைக்கில்தான் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு மருந்து இல்லை என்று மருத்துவர் சொன்னார்.

2. மருத்துவமனையில் எனக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஷிஜா என்ற பிசியோதெரபிஸ்ட். நெஞ்சுத் தசைகள் தளர்ந்தவர்கள் அளவாக, சீராக மூச்சு விடப் பழகாவிட்டால் சளி கட்டி நிமோனியா வந்துவிடும். “இழு… நிறுத்து… விடு” என்று அவர் என்னை விரட்டி விரட்டிப் பழக்கினார். அவர்தான் கணினியில் பொருத்தும் மூச்சுக்குழலையும் அறிமுகப்படுத்தினார். வாயருகே ஒரு குழல் இருக்கும். ஊதினால் ஒரு கட்டளை, உறிஞ்சினால் இன்னொரு கட்டளை. தாடையால் ஒரு சிறு குச்சியைத் தள்ளித் திரையில் அம்புக்குறியை நகர்த்தலாம். இம்மனுவையும் அப்படித்தான் எழுத்து எழுத்தாக ஊதி எழுதுகிறேன். ஆகவே சில இடங்களில் வாக்கியம் அவசரமாக முடிந்திருந்தால் பொறுத்தருள வேண்டும்.

3. ‘ஏழ்கோட்டை’ விளையாட்டைத் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு கோட்டைகளைப் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் அணி அணியாகச் சண்டையிடுவார்கள். சண்டையிட விரும்பாதவர்கள் கொல்லராக இருக்கலாம். மலையில் இரும்புக்கல் எடுத்து, உலையில் காய்ச்சி, வாளும் கேடயமும் அடிக்க வேண்டும். இரும்பு சிவந்து, ஆரஞ்சாகி, வெளிறிய மஞ்சளுக்கு வரும். அந்த மஞ்சளில்தான் சம்மட்டி விழ வேண்டும். முந்தினால் இரும்பு வெடிக்கும், பிந்தினால் வளையும். அடித்து முடித்தபின் மந்திரம் ஏற்ற வேண்டும். ஆயுதத்தின் மேல் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து மங்கும். மங்கும் முன் ஒவ்வொன்றையும் தொட்டுவிட வேண்டும். ஒன்று தவறினாலும் அதுவரை அடித்த இரும்பும் சேர்த்து நொறுங்கிவிடும்.

4. நான் கொல்லனானேன். ஊதுவதே என் சம்மட்டி அடி. ஆரம்பத்தில் எத்தனை வாள் நொறுங்கியது என்பதற்குக் கணக்கில்லை. பிறகு ஒரு நாள், ஷிஜா பழக்கிய அதே மூச்சில் அடித்துப் பார்த்தேன். இழுத்து, நிறுத்தி, விட்டு. சம்மட்டி சரியாக மஞ்சளில் விழுந்தது. அன்று அடித்த வாள் முழுசாகக் கையில் வந்தபோது நான் போட்ட சத்தத்தில், மூச்சு முட்டிவிட்டது என்று நினைத்து என் தங்கை அஞ்சு அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

5. அதன்பின் நான் நானாகவே சிலவற்றைக் கண்டுபிடித்தேன். தீயைத் தாங்கும் மந்திரத்தை எல்லோரும் கேடயத்தின் வெளிப்புறத்தில் ஏற்றுவார்கள். நான் உட்புறத்தில், பிடிக்கும் கை படும் இடத்தில் ஏற்றினேன். கேடயம் கறுத்துப் போனாலும் பிடித்திருப்பவர் நிற்பார். இதன் பிறகு என் உலைக்கு முன்னால் கூட்டம் கூடியது. வடித்தவர் பெயர் ஒவ்வொரு ஆயுதத்தின் அடியிலும் பொறிக்கப்படும். நான் வைத்துக்கொண்ட பெயர் ‘பனங்கருக்கு’, பனைமட்டையின் ரம்பம் போன்ற விளிம்பு. அந்தப் பெயருள்ள கேடயம் வேண்டுமென்று முகம் தெரியாதவர்கள் வரிசையில் நின்றார்கள்.

6. இவர்களில் ஒருவருக்கும் என் உடல்நிலை தெரியாது. நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாசலிலேயே குரலைத் தாழ்த்திவிடுவார்கள், ஐயா. ஏழ்கோட்டையில் யாரும் தாழ்த்தவில்லை. எங்கள் அணித் தலைவி ஆர்யா, வலியசாலை அக்ரகாரத்தைச் சேர்ந்தவர், வங்கியில் வேலை பார்க்கிறார். சண்டை நேரத்தில் ஹெட்போன் வழியாகக் காதில் கத்துவார்: “நேசண்ணா, தூங்கறேளா? கோட்டை வாசல்ல வெறுங்கையோட நிக்கறோம், சீக்கிரம் அடிங்கோ!” விபத்துக்குப் பிறகு என்னை யாரும் சீக்கிரம் செய் என்று சொன்னதில்லை. அதைக் கேட்பதற்காகவே நான் உலையைப் பற்ற வைத்தேன் என்று சொன்னாலும் தவறில்லை.

7. சென்ற மாதம் ஏழாம் கோட்டை முற்றுகை நடந்தது. எங்கள் அணி கோட்டை வாசலை உடைத்து உள்ளே நுழைந்த வேளையில் என் திரை இருண்டது. “இயந்திர உதவியுடன் ஆயுதம் வடித்த மோசடிக்காக இக்கணக்கு முடக்கப்படுகிறது” என்று ஒரு வரி வந்தது. அத்துடன் நின்றிருந்தால் நான் மட்டும்தான் பாதிக்கப்பட்டிருப்பேன். ‘பனங்கருக்கு’ என்று பெயர் பொறித்த ஒவ்வொரு வாளும், ஒவ்வொரு கேடயமும் அதே நேரத்தில், பிடித்திருந்தவர்களின் கையிலேயே சாம்பலாகிவிட்டது. எதிரிகள் தீயை அவிழ்த்துவிட்டார்கள். எங்கள் அணியில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

8. நான் திரையைப் பார்த்தபடி கிடந்தேன். எழுந்து இரண்டு நடை நடந்திருந்தால்கூட ஆறியிருக்கும். “அஞ்சு, ஜன்னலைத் திற. இல்ல, மூடு. என்னைத் திருப்பு. இந்தப் பக்கம் வேண்டாம்” என்று அவளைப் படாதபாடு படுத்தினேன். கடைசியில் அவள், “அண்ணே, ஒனக்கு என்னத்த வேணும்னு நீயே சொல்லு” என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

9. மறுநாள் ஆர்யா தொலைபேசியில் அழைத்தார். “அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதேள். ஏதாவது சாஃப்ட்வேர் போட்டுண்டேளா?” என்றார். அணியில் மற்றவர்கள் கேள்வியாகக் கேட்கவில்லை, முடிவாகவே சொன்னார்கள். ‘கள்ளக் கொல்லன்’ என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நான் இல்லை என்றேன். எப்படி நம்புவது என்றார் ஆர்யா. அப்போது என்னிடம் இருந்த ஒரே சாட்சியான என் உடல்நிலையைச் சொல்ல வேண்டி வந்தது. சொன்னேன். பிறகு ஆர்யா பேசியபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. “நீங்க ரெஸ்ட் எடுங்கோ அண்ணா, மெதுவா பாத்துக்கலாம்” என்றார். ஐயா, என் கணக்கு முடக்கப்பட்ட அன்று எனக்கு அழுகை வரவில்லை. இதற்குத்தான் வந்தது.

10. விளையாட்டை நடத்துவது கழக்கூட்டத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ‘ஓரிலை இன்டராக்டிவ்’ என்னும் நிறுவனம். என் சம்மட்டி அடிகளுக்கு இடையிலான இடைவெளி எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது என்றும், மனித விரல் அவ்வாறு அடிக்காது என்றும் பதில் எழுதினார்கள். விரல் அடிக்கவில்லை என்பது உண்மைதான். மூச்சுக்குழலைப் பற்றி விளக்கி, மருத்துவச் சான்றிதழையும் இணைத்து மறுபடி எழுதினேன். அதே பதில் அதே வரிகளில் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அஞ்சு தொலைபேசியில் அவர்களை விடாமல் பிடித்தாள். விளையாட்டு நேர்மைப் பிரிவு மேலாளர் திரு. கிருஷ்ணகுமார், நேரில் வந்து செய்து காட்டினால் பரிசீலிப்பதாகச் சொன்னார்.

11. போனேன். வாடகை வேனில் என்னைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். பாலராமபுரம் நெரிசலில் வெயிலில் நின்றோம். அலுவலக முகப்பில் படிகள் மட்டுமே இருந்ததால், பின்பக்கமாகச் சரக்கு லிஃப்டில் கொண்டு போனார்கள். அறைக்குள் ஏசி எலும்புவரை குளிர்ந்தது. மேசை என் நாற்காலிக்கு உயரமாக இருந்ததால் குழலை ஒரு அட்டைப்பெட்டியின் மேல் கட்டிவைத்தார்கள். சுற்றிலும் ஆட்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள். திரு. கிருஷ்ணகுமார் கடுமையானவர் அல்ல. “சேட்டா, டென்ஷன் வேண்டா, பதுக்கே செய்தால் மதி” என்று, மெதுவாகச் செய்தால் போதும் என்றுதான் சொன்னார்.

12. முதல் வாள் வெடித்தது. இரண்டாவது வளைந்தது. மூன்றாவதை முழுசாக அடித்து முடித்து மந்திரம் ஏற்றும்போது எனக்குத் தோளில் இழுப்பு வந்து, கடைசி எழுத்து மங்கிவிட்டது. வாள் நொறுங்கியது. குளிரில் மூச்சு என் வசத்தில் இல்லை. இன்னொரு வாய்ப்புக் கேட்டேன். கூட்டம் இருக்கிறது என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள். “மனுதாரரால் நேரில் செய்து காட்ட இயலவில்லை. எனவே முந்தைய முடிவு உறுதி செய்யப்படுகிறது” என்று எழுதித் தந்தார்கள். இயந்திரமாக இருந்திருந்தால் எனக்குக் குளிர்ந்திருக்காது, ஐயா. தவறாமல் அடித்தேன் என்பதற்காக என்னை இயந்திரம் என்றவர்கள், நான் தவறியதைப் பார்த்த பிறகும் அதையே சொல்கிறார்கள். நான் எதைச் செய்தால் மனிதன் என்று ஒப்புக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

13. கிளம்பும்போது திரு. கிருஷ்ணகுமார் லிஃப்ட்வரை வந்து ஒரு வழி சொன்னார். ‘துணை முறை’ என்று ஒன்று இருக்கிறதாம். அதில் சம்மதித்துக் கையெழுத்திட்டால் கணக்கைத் திருப்பித் தருவார்கள். அந்த முறையில் இரும்பைக் காய்ச்சுவதும், அடிப்பதும், மந்திரம் ஏற்றுவதும் கணினியே செய்யும். நான் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலிப் படமும் வருமாம். நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று நம்புகிறேன். இயந்திரத்தைக் கொண்டு அடித்தேன் என்று தண்டித்தவர்கள், இனி இயந்திரத்தைக் கொண்டே அடி என்கிறார்கள். நான் மறுத்துவிட்டேன்.

14. திரும்பி வரும் வழியெல்லாம் அஞ்சு என்னோடு சண்டை போட்டாள். “கெடச்சத வாங்காம, வாசி பிடிச்சி என்னத்த அண்ணே கண்ட?” என்று என் பிடிவாதத்தைத் திட்டினாள். அவள் களைத்திருந்தாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. உண்பது, குளிப்பது, உடை மாற்றுவது எல்லாமே எனக்குப் பிறர் செய்து நான் பார்த்துக்கொண்டிருக்கும் காரியங்கள். இது ஒன்றையும் அந்த வரிசையில் சேர்த்துவிடாதே என்றேன். வேன் நெய்யாற்றின்கரையைத் தாண்டியது. பிறகு, “மேல ஆருக்கு எழுதணும்னு சொல்லு, நான் போய்க் கொடுக்கேன்” என்றாள். அதனால்தான் இம்மனு தங்கள் மேசைக்கு வந்தது.

15. முடக்கப்பட்ட கணக்குகள் இம்மாத இறுதியில் நிரந்தரமாக அழிக்கப்படும் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. பிறகு தாங்கள் எனக்குச் சாதகமாக உத்தரவிட்டாலும் திருப்பித் தர அங்கே எதுவும் இருக்காது. “உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்” என்ற பதில் எனக்கு உதவாது என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பழகவில்லை.

ஆகவே, தங்களிடம் கேட்டுக்கொள்வது:

கணக்கை அழிக்கக்கூடாது என்று உடனடியாக இடைக்கால உத்தரவு பிறப்பிக்க வேண்டும்.

‘மோசடி’ என்ற சொல்லை நிறுவனம் திரும்பப் பெற்று, அதை விளையாடுவோர் அனைவருக்கும் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பில் என் உடல்நிலையைப் பற்றி ஒரு வரிகூட இருக்கக்கூடாது. ‘பனங்கருக்கு தானே அடித்தான்’ என்பது மட்டும் போதும்.

விரலால் அல்லாமல் மூச்சாலும் தாடையாலும் விழியாலும் விளையாடுகிறவர்களை இயந்திரம் என்று தள்ளுவதற்கு முன், ஒரு மனிதர் நேரில் கேட்டறிய வேண்டும் என்று விதி செய்ய வேண்டும்.

தங்கள் அலுவலர் ஒருவரும் நிறுவனத்தார் ஒருவரும் என் வீட்டுக்கே வந்து, என் நாற்காலியில், என் மூச்சில் நான் அடிப்பதைப் பார்க்க வேண்டும். அன்று வாள் முழுசாக வரும் என்று நான் உறுதி கூறவில்லை. வெடித்தாலும் வெடிக்கலாம். வெடித்தால், சத்தியநேசன் உடைத்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தங்கள் உத்தரவை இப்போதிலிருந்தே எதிர்பார்க்கும்,

செ. சத்தியநேசன்
(இடது பெருவிரல் ரேகை, தங்கை அஞ்சு முன்னிலையில் பதிக்கப்பட்டது)

இடம்: பாறசாலை
நாள்: 14.11.2025