ஓரத்தில் இருந்த ஒரு வரி

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்று மட்டும் நாற்பத்தொரு மாதிரிகள். அதில் ஒரு சளி டப்பாவின் மூடி சரியாகத் திருகாமல் வந்து, கூடக் கட்டியிருந்த படிவமெல்லாம் நனைந்துவிட்டது. மூடி திருகக்கூடத் தெம்பில்லாத ஆட்களைத்தான் வார்டில் வைத்திருக்கிறார்களோ என்னவோ. கசிந்த படிவத்தை ஆய்வகத்தில் வைத்திருக்கக் கூடாது. புதுப் படிவத்தில் நகலெழுதிவிட்டுப் பழையதை எரிக்க அனுப்புகிற மஞ்சள் பையில் போட வேண்டும். நகலெழுதுவது எப்போதும் என் தலையில்தான் விழும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம்! இருபத்திரண்டு வருஷமாக இதே பாராட்டு.

பதினான்காம் படுக்கை, ஆண், ஐம்பத்திரண்டு வயது, நிமோனியா. பயிற்சி டாக்டர் யாரோ ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: 'வீட்டில் புதிதாக வாங்கிய கிளி. கூண்டை இவர்தான் சுத்தம் செய்கிறார்.' நான் அதைச் சத்தமாகப் படித்து, "சித்தப்பா, அடுத்த தடவை கிளியையும் துப்பச் சொல்லி டப்பாவுல புடிச்சு அனுப்புவாங்க பாருங்க" என்றேன். எங்கள் உதவியாளரை ஆய்வகம் முழுக்க சித்தப்பா என்றுதான் கூப்பிடும். மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். படிவத்தில் கிளிக்கெல்லாம் கட்டம் கிடையாது. விட்டுவிட்டேன்.

வீட்டில் என் கணவருக்குப் பல்வலி. பல் டாக்டரிடம் போகச் சொன்னால் பஸ் ஓட்டுகிற ஆள் சின்னக் குழந்தை மாதிரி பயப்படுகிறார்.

பிப்ரவரி 16, வெள்ளி

பதினான்காம் படுக்கையின் சளியைப் பூசிக் கிருமி வளர்க்கிற தட்டுகளில் ஒன்றும் இல்லை. வாயில் வழக்கமாக இருக்கிற கிருமிகள் மட்டும்தான். காசநோயும் இல்லை. 'நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

மதியம் வார்டு டாக்டர் போன் செய்தார். "மருந்த மாத்தி மாத்திக் குடுக்கறோம், காய்ச்சல் அசையவே மாட்டேங்குது. வேற ஏதாச்சும் தெரியுதான்னு பாருங்களேன்." "இருந்தா சொல்ல மாட்டேனா டாக்டர்?" என்றேன், வெடுக்கென்று. பசி நேரம். மிச்சச் சளி மைனஸ் எண்பது ஃப்ரீஸரில் இருக்கிறது.

பிப்ரவரி 21, புதன்

பதினான்காம் படுக்கை நேற்று இறந்துவிட்டாராம். சித்தப்பா சொன்னார். பாவம்.

மார்ச் 5, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு ஆய்வக ஜன்னலில் ஒரு அம்மா வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். பதினான்காம் படுக்கைக்காரரின் மனைவி. கணவரின் ஆபீசில் கேட்கிறார்களாம், அறிக்கை நகல் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலிலேயே நின்று படித்தார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"கிருமி ஒண்ணும் வளரலைன்னு போட்டிருக்குங்க."

"அப்ப ஒண்ணுமே இல்லாமலா செத்தாரு?"

கையெழுத்து வாங்கும் பதிவேட்டை எடுத்து அவர் பக்கம் திருப்பினேன். பின்னால் வரிசை இல்லை. அதனால் அவர் நகரவும் இல்லை. தானாகவே பேச ஆரம்பித்தார்.

"அவர் ஒரு கிளி வாங்கினாரு. இப்ப அது அவர் மாதிரியே இருமுது. ரெண்டு இருமல், கொஞ்சம் நிறுத்தி ஒரு செருமல். நான் சமையலறையில நிக்கறேன், கூடத்துல அவர் இருமறாரு. எப்படிங்க தாங்கறது? கொழுந்தன் வீட்ல குடுத்துட்டேன். ஓரகத்திக்கு ஏழு மாசம். நாளெல்லாம் தனியா கெடக்கறா, பேச்சுத்துணையா இருக்கட்டும்னு."

கிளி. ஓரத்தில் இருந்த வரி. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்றேன். போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 6, புதன்

காலையில் அலமாரியிலிருந்து பழைய பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த விஷயம்தான். கிளிக்காய்ச்சல். பறவையின் எச்சம் காய்ந்து பொடியாகி மூச்சில் போகிறது. அந்தக் கிருமி உயிரணுவுக்குள்ளே புகுந்துகொண்டுதான் வளரும், எங்கள் தட்டில் வளரவே வளராது. வழக்கமான நிமோனியா மருந்துக்கு அசையாது. சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கினவள் நான். தேடினால்தான் கிடைக்கும், தேடச் சொல்ல ஒரு வரி வேண்டும். அந்த வரி இருந்தது. நான் படித்தேன். சிரித்தேன்.

கர்ப்பிணிகளுக்கு வந்தால் என்ன ஆகும் என்று அடுத்த பத்தியில் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "ஒரு வரி எழுதலேன்னா ஆள் செத்துடுவாரா? நீ என்ன டாக்டரா? எழுதின அந்த டாக்டர் வார்டுல சொல்லியிருக்கணும்ல?" என்றார். நியாயம்தான். அந்தப் பயிற்சி டாக்டர் பெண் மறுநாளே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாளாம், நோயாளியின் கோப்பில் எழுதவே இல்லையாம். விசாரித்துவிட்டேன். பழி போட ஆள் கிடைத்ததும் ஒரு நிமிஷம் உயிர் வந்தது. எவ்வளவு கேவலம்!

பஸ்ஸில் ஒருவர் இருமினார். இரண்டு இருமல். மூன்றாவதாகச் செருமுகிறாரா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினான்காம் படுக்கைக்காரரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. வயது தெரியும், படுக்கை எண் தெரியும், சளியின் நிறம் தெரியும். முகம் தெரியாததால் எந்த முகமும் அவராகிவிடுகிறது. டிக்கெட் கொடுத்தவர், எதிர்வீட்டில் பெயின்ட் அடிக்கிறவர், எல்லாரும்.

ஆய்வக ஜன்னல் விளிம்பில் புறா எச்சம் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இத்தனை வருஷம் கண்ணில் பட்டதே இல்லை.

நாளைக்குச் சொல்கிறேன். நாளைக்குக் கட்டாயம்.

மார்ச் 7, வியாழன்

காலையில் சித்தப்பா ஒரு பட்டியலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நாளைக்கு ஃப்ரீஸர் காலி செய்கிற நாள். மூன்று வாரம் தாண்டியதெல்லாம் நீராவியில் அவிந்து குப்பைக்குப் போகும். ஆறாவது வரியில் பதினான்காம் படுக்கை. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். போட்டுவிட்டால் உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பேனாவைத் திறந்துவிட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். பொய் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்?

"என்னம்மா, உடம்பு சரியில்லையா? மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு" என்றார் சித்தப்பா. "கிளி ஞாபகம் இருக்கா சித்தப்பா?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். அப்புறம் அவர் முகமும் அப்படியே ஆகிவிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

பதினான்காம் படுக்கையின் சளிக் குப்பியை ஐஸில் வைத்துக் கையோடு எடுத்துக்கொண்டு எங்கள் தலைமை டாக்டர் அறைக்குப் போனேன். மேடம் முழுக்கக் கேட்டார்.

"ஒரிஜினல் படிவம் எங்க?"

"மஞ்சள் பையில போயிடுச்சு மேடம். எரிச்சிருப்பாங்க."

"அப்ப அப்படி ஒரு வரி இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

மிரட்டுகிற குரல் இல்லை. எனக்காகத்தான் கேட்டார், அது புரிந்தது. "எனக்குத் தெரியும் மேடம்" என்றேன். "அந்தக் கிளி இப்ப ஏழு மாசக் கர்ப்பிணி வீட்ல இருக்கு" என்றதும் எழுந்து நின்றுவிட்டார். "எப்பத் தெரியும் இது?" "முந்தாநாள்." அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

படிவத்தில் நானே எழுதின நம்பரில்தான் அந்த அம்மாவைக் கூப்பிட்டோம். அவரிடமிருந்து கொழுந்தன் நம்பர். மேடம் பேசினார், ஸ்பீக்கரில்.

"காய்ச்சல்தான் டாக்டர், நேத்துல இருந்து. தலைவலின்னு துடிக்கறா. பக்கத்துல மாத்திரை வாங்கிக் குடுத்தேன். கிளியா? கிளி நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் தூங்கி வழியுது. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

நேற்றிலிருந்து. முந்தாநாளே நான் வாயைத் திறந்திருந்தால்? ஒரு நாள் முன்னால் மருந்து. ஐயோ, ஒரு முழு நாள்.

மார்ச் 8, வெள்ளி

ஓரகத்தி நேற்று மாலையே சேர்ந்துவிட்டாள். நிமோனியா ஆரம்பம். தொண்டையிலும் சளியிலும் எடுத்த மாதிரிகளும், என் குப்பியும் ஒரே ஐஸ் பெட்டியில் தலைநகர ஆய்வகத்துக்குப் போயின. அங்கே கிருமியை வளர்க்க மாட்டார்கள்; அதன் மரபணுத் துணுக்கைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்ப்பார்கள். இங்கே அந்த வசதி இல்லை. எதைத் தேட வேண்டும் என்று காரணம் எழுதிக் கேட்டால்தான் செய்வார்கள்.

காரணம் என்ற இடத்தில் மேடம் பேனாவை என்னிடம் கொடுத்தார். எழுதினேன். 'மூலப் படிவத்தில் கிளி பற்றிய குறிப்பு இருந்தது. நகலெடுக்கும்போது என்னால் விடுபட்டது.' பேர், கையெழுத்து, தேதி.

முடிவுக்குக் காத்திருக்காமல் அவளுக்கு மருந்து ஆரம்பித்துவிட்டார்கள், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாததைத் தவிர்த்து வேறொன்று. குழந்தையின் துடிப்பு இருக்கிறது. கால்நடை மருத்துவர் முகமூடி போட்டுக்கொண்டு போய்க் கூண்டை ஈரத்துணியால் மூடி எடுத்து வந்தாராம்.

மார்ச் 9, சனி

காய்ச்சல் 103.

மார்ச் 10, ஞாயிறு

விடுமுறை. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். வார்டு கதவுக்கு வெளியிலேயே நின்று நர்ஸிடம் கேட்டேன். 101. உள்ளே யாரோ செருமினார்கள். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "உங்க சொந்தமா?" என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

மார்ச் 12, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் அதே கிருமி. ஓரகத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கஞ்சி குடித்தாளாம். சித்தப்பா ஓடிவந்து சொன்னார். சந்தோஷத்தில் அழுதேன். அப்புறம் அழுகை வேறு காரணத்துக்கு மாறிவிட்டது, நிறுத்த முடியவில்லை. சளியை வைத்துக்கொண்டே இருந்தோம். பதில் எங்கள் ஃப்ரீஸரிலேயே இருந்தது. அவர் ஒரு வாரம் மேல்மாடியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோதும்.

மார்ச் 14, வியாழன்

அந்த அம்மாவை மேடம் வரச் சொன்னார். நானும் இருக்கிறேன் என்று நானாகத்தான் கேட்டுக்கொண்டேன். மேடம் நோயைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதுக்கு மருந்து இருக்கா?" என்றார்.

"இருக்குங்க."

"ஓரகத்திக்குக் குடுத்து சரியாச்சே, அதுவா?"

"அந்த மாதிரிதான்."

"அப்ப இவருக்கு ஏன் குடுக்கல?"

மேடம் காகிதத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். ஓரத்தில் எழுதியிருந்தது, நகலெடுத்தபோது விட்டது நான்தான் என்று சொன்னேன்.

"ஏன் விட்டீங்க?"

கட்டம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மைதான், கட்டம் இல்லைதான். ஆனால் அந்த முகத்துக்கு நேராக அது வரவில்லை. "படிச்சுட்டுச் சிரிச்சேங்க. கிளியான்னு கிண்டல் பண்ணிட்டு விட்டுட்டேன்."

அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "நான்தாங்க சொன்னேன்" என்றார் மெதுவாக. "அந்த டாக்டர் பொண்ணு கேட்டுச்சு, வீட்ல ஏதாச்சும் வளக்கறீங்களான்னு. நான் சொன்னேனே. தெளிவா சொன்னேனே. எழுதிக்கிச்சே."

கிளம்பும்போது தனக்கும் தலைவலி இருக்கிறது என்றார், அவருக்கும் ரத்தம் எடுத்து மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ரத்தத்தில் அந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருள் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் அவரையும் தொட்டிருந்ததா என்று உறுதியாகத் தெரியும்.

மார்ச் 19, செவ்வாய்

கிளி சாகவில்லையாம். தனி அறையில் நாற்பத்தைந்து நாள் மருந்து கலந்த தீனி. நன்றாகச் சாப்பிடுகிறதாம். இன்னும் இருமுகிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எனக்குக் கேட்கிறது.

மார்ச் 25, திங்கள்

விசாரணை முடிந்தது. தட்டு, நுண்ணோக்கி எதையும் இனி நான் தொடக் கூடாது, மாதிரி வாங்குகிற ஜன்னலில் வேலை. இவர், "வேலை போகலையே, அதுவே பெரிசு" என்கிறார். ஆமாம். படிவத்தையும் மாற்றிவிட்டார்கள். பறவை, கால்நடை என்று தனிக் கட்டம். ஜன்னலில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும்.

ஏப்ரல் 4, வியாழன்

ஓரகத்தி பரிசோதனைக்கு வந்து போனாளாம், வயிறு நன்றாக வளர்ந்திருக்கிறதாம். நான் பார்க்கவில்லை.

பத்தரைக்கு அந்த அம்மா வந்தார், இரண்டாவது ரத்தத்துக்கு. என்னைப் பார்த்ததும் நின்றார். பக்கத்து ஜன்னலுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பக்கத்து ஜன்னல் காலியாகத்தான் இருந்தது. என்னிடமே வந்து சீட்டை நீட்டினார்.

பேர், வயது, முகவரி எல்லாம் கேட்டேன். எல்லாருக்கும் கேட்கிற அந்தக் கேள்வியையும் கேட்டாக வேண்டும். அது மட்டும் வாயில் வர நேரமாயிற்று.

"வீட்ல பறவை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்ல. வீட்ல யாருமே இல்ல."

கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த வரிக்குப் போனேன். அவர் கண்ணாடி வழியாகக் குனிந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னத முழுசா எழுதுங்க" என்றார்.

எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.