வட்டி ஆகாத பார்ட்னர்

பாய், இன்று காலை நம் உப்பளத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து அளத்தில் தண்ணீர் இறைக்கும் டீசல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காற்று திரும்பியதும் அந்த வாசனை குப்பென்று அடித்தது. நீங்கள் இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “காசு கருகுது பாரு தங்கச்சி” என்றிருப்பீர்கள். நினைத்ததும் தனியாக நின்று சிரித்தேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

போன வருடம் மழை தள்ளிப் போனதில் உப்பு கொள்ளையாக விளைந்தது. கூலி, மூட்டை, வரி எல்லாம் போகக் கம்பெனிக் கணக்கில் பணம் மிஞ்சிக் கிடக்கிறது. உங்கள் பங்கு இப்போது துபாயில் இருக்கும் மகன் பெயரில். கேட்டால், “உங்க இஷ்டம் அத்தை” என்று ஃபோனை வைத்துவிட்டான். நீங்கள் இல்லாமல் முதல் முறையாக நானே முடிவெடுக்க வேண்டும். உங்கள் பேச்சைக் காப்பாற்றுவதா, என் இஷ்டப்படி பேங்கில் போடுவதா என்று ஒரு வாரமாக மண்டைக் குடைச்சல்.

முன்பு ஒரு தடவையும் இப்படித்தான் மிஞ்சியது. நான் ஃபிக்ஸட் டெபாசிட் என்றேன். “வட்டி எனக்கு ஆகாதும்மா” என்று நீங்கள் ஒரே போடாகப் போட்டீர்கள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. “அப்போ ஆளுக்குப் பாதியா எடுத்துக்கலாம். உங்க காச நீங்க பொட்டியில வச்சிப் பூட்டிக்குங்க” என்றேன். அதே வேகத்தில் புதுச்சேரிக்கு, ஆடிட்டரம்மாவிடம் கிளம்பினோம்.

டெபாசிட் முதிர்ந்து கைக்கு வராவிட்டாலும் அந்தந்த வருட வட்டி கம்பெனி வருமானத்தில் சேரும், வருடா வருடம் வரி கட்ட வேண்டும் என்றார் அந்தம்மா. நீங்கள் என் பக்கம் திரும்பி, “பாத்தியா, வட்டி உனக்கும் ஆகல” என்றீர்கள். சரி, ஆளுக்குப் பாதி கடனாக எடுத்தால் என்று அந்தம்மாவைக் கேட்டேன்.

“கம்பெனி உங்களுது, ஆனா பணம் கம்பெனியுதுங்க. பங்குதாரர் கடனா எடுத்தா, அத டிவிடெண்டுன்னு கணக்குப் பண்ணி உங்க தலையில வரி போடுவாங்க.”

என் முகம் தொங்கிவிட்டது. நீங்களோ சட்டென்று, “அப்போ சோலார் மோட்டார் வாங்குவோம். டீசல் மிச்சம், வருஷா வருஷம் தேய்மானத்த செலவா காட்டினா வரியும் குறையும்” என்றீர்கள். ஆடிட்டரம்மா தலையாட்டினார். திரும்பும்போது கூனிமேட்டில் வண்டியை நிறுத்தி சமோசா வாங்கிக் கொடுத்தீர்கள். சண்டை அதோடு முடிந்தது.

வாங்கினோம், கார்த்திகையில். உப்புக்காரர்கள் அப்படித்தான், அளம் தண்ணீரில் மூழ்கி வேலை நிற்கும்போதுதான் சாமான் வாங்குவோம். மோட்டார் ஓடத் தொடங்கியது தை கடைசியில். மார்ச்சில் வரி வருடமே முடிந்துபோனது. பாதி வருடம்கூட ஓடவில்லை, ஆகவே இந்த வருடம் பாதித் தேய்மானம்தான் என்றார் ஆடிட்டரம்மா. நான் தலையில் கை வைத்தேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

“மழையில உப்பளம் தூங்கும்னு கவர்மெண்டுக்கு யாரு சொல்றது? மீதி எங்க போயிடப்போவுது, அடுத்தடுத்த வருஷம் வரும் வுடு.”

அப்படியே வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்க இன்னொரு முறைகூடத் தப்பாக வாங்கலாம் பாய்.

இன்று அளத்திலிருந்து ஆபீசுக்கு வந்தால் பேங்க் மேனேஜர் காத்திருந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். “பணம் சும்மா கிடக்குதே மேடம், டெபாசிட்ல போட்டா வட்டியாவது வரும்” என்றார். ஒரு வாரமாக நானும் நினைத்ததுதான். ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

“எங்க பார்ட்னருக்கு வட்டி ஆகாதுங்க. இன்னொரு அளத்துக்கும் சோலார் போடப் போறோம், இந்தச் சித்திரையிலேயே, வரி வருஷம் தொடங்கின கையோட.”

சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. அவர் விடவில்லை.

“சார் எப்ப வருவாருன்னு சொல்லுங்க, நான் பேசிப் பாக்கறேன்.”

“பேசிப் பிரயோஜனம் இல்லீங்க,” என்றேன். “அவரு இனிமே மாற மாட்டாரு.”