மூன்று சுல்தானும் ஒரே அங்கிள்

நவம்பர் 8, 1998

தமிழ்ச் சங்கத்தில் என் நாடகத்துக்குச் சரி சொல்லிவிட்டார்கள். பொங்கல் விழாவில், ஃபேஷன் ஷோவுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே அரை மணி நேரம். துருக்கி சுல்தான்கள் மூவரிடம் அடுத்தடுத்து முதல் மந்திரியாக இருந்த ஒரு வசீரின் கதை. அப்படி யாரும் இருந்ததில்லை, என் கற்பனைதான். சுல்தான்கள் பதவி முத்திரையை அவர் கழுத்தில் மாட்டுவதும் பறிப்பதுமாக இருக்கிறார்கள். கடைசியில் அவரே கழற்றி வைத்துவிட்டுப் பேசாமல் நடந்து போகிறார்.

எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு, வேலை பார்க்க முடியாத விசாவில் பிளெய்ன்ஸ்பரோ என்ற இந்த அமெரிக்க ஊரில் உட்கார்ந்திருக்கிறேன். என்னுடையது என்று இங்கே இதுதான் முதல்.

நவம்பர் 15

வசீர் என் வீட்டுக்காரர்தான். ஆபீஸ் மீட்டிங்கில்கூட வாய் திறக்காத பசீர் அகமது! “நான் டேட்டாபேஸ் பாக்குறவன், எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்றார். தலைப்பாகை கட்டிவிட்டதும் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

நவம்பர் 22

சங்கத் தலைவர் குமாரசாமி அங்கிள் போன் பண்ணினார். சுல்தான் வேஷம் அவருக்காம். எந்த சுல்தான் அங்கிள்?

“மூணும்தாம்மா. தாடியை மட்டும் மாத்திக்கலாம்.”

டிசம்பர் 26

நோன்பு திறந்த பிறகு எங்கள் அபார்ட்மெண்டில் ஒத்திகை. சுல்தான் நோன்புக் கஞ்சியை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். வசனம்தான் ஒரு வரிகூட வரவில்லை. “அன்னிக்குத் தானா வந்துடும்மா.”

ஜனவரி 10, 1999

கடைசிக் காட்சியில் சுல்தான்தான் பேச வேண்டுமாம், ஒரு பக்கத்துக்கு. “தலைவர் நிக்கறப்போ மந்திரி பாட்டுக்கு நடந்து போனா நல்லாவா இருக்கும்? டயலாக் மாத்திடும்மா.”

சரி என்றேன். ஏன் சரின்னேன்? எழுதினது நான். அந்தக் கடைசி சீனுக்காகத்தானே மொத்தத்தையும் எழுதினேன் — அவருக்கு என்ன தெரியும்? அழுகையா வருது. பசீர் பாத்திரங்களைக் கழுவி வைத்தார்.

ஜனவரி 19

பெருநாள். அங்கிள் பிரியாணிக்கு வந்தார். பேச்சு முழுக்க மனப்பாடமாம்.

ஜனவரி 23

பொங்கல் விழா. மேடையில் இரண்டாவது சுல்தானின் தாடி பாதி தொங்கியது. யாரும் கவலைப்படவில்லை. மூன்றாவது சுல்தான் கடைசிப் பேச்சுக்குக் கையை உயர்த்தினார். “இந்த சாம்ராஜ்யம்…”

அவ்வளவுதான். உயர்ந்த கை இறங்கவே இல்லை. பின்னால் சாம்பார் வாசனைக்கு ஆட்கள் எழ ஆரம்பித்தார்கள்.

பசீர் முன்னால் வந்து குனிந்தார். “சுல்தான் மனத்தில் இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன். உழைத்தது போதும், போய் ஓய்வெடு என்கிறார்.” முத்திரையைக் கழற்றி, உயர்ந்திருந்த அந்தக் கையிலேயே மாட்டினார். பேசாமல் நடந்து போனார்.

எழுந்தவர்கள் நின்றபடியே கைதட்டினார்கள். நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சாப்பாட்டு வரிசையில் அங்கிள் சொன்னார்: “கடைசியில பேசாம நின்னேன் பாத்தியா, அதாம்மா ஹைலைட்.”

ஆமாம் அங்கிள் என்றேன். மனசாரத்தான்.

பிப்ரவரி 14

சங்கத் தேர்தல். தலைவர் மூன்றாவது முறையாக குமாரசாமி அங்கிளே. செயலாளர் நான், அவரே என் பெயரைச் சொன்னார். சங்கத்து ரப்பர் ஸ்டாம்பை என் கையில் வைத்து, “நான் சொன்னாத்தான் குத்தணும், என்ன?” என்றார்.

“உங்க மனசுல இருக்கறதை நானே சொல்லிடறேன் அங்கிள்.”

பசீர் இருமுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிளுக்குப் பரம திருப்தி. ஸ்டாம்ப் இப்போது என் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.