இசக்கி தராத பெயர்

ஐப்பசி, ஞாயிறு இரவு

நாளை மறுநாள் என் குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டும். இன்று காலைவரை எதுவும் முடிவாகவில்லை.

பனியன் கம்பெனிக்கு விடுமுறை என்பதால் இசக்கி திருப்பூரிலிருந்து பஸ் ஏறி, மங்கலத்தில் என் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். தையல் லைனில் எனக்குப் பக்கத்து மிஷின் அவளுடையது. போன சித்திரையில் அவளுக்குப் பிறந்த பெண் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அதனால் வருவாள் என்றே நான் நினைக்கவில்லை.

குழந்தையை மடியில் வாங்கி வெகுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தறிச் சத்தத்தில் இருவருமே கண்ணயர்ந்ததுபோல் இருந்தது. அப்போதுதான், "தென்றல்" என்று மெல்லக் கூப்பிட்டாள். குழந்தை கண்ணைத் திறந்தது. இசக்கி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"கண்ணு, அந்தப் பேரையே இவளுக்கு வெச்சுக்கட்டுமா?" அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் கேட்டேன்.

"வேண்டாம்க்கா. எம்புள்ளைக்கு நான் குடுத்தது அது ஒண்ணுதான். அது அவகிட்டயே இருக்கட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். "என்னா முழி முழிக்கா பாருங்க! பூவிழின்னு வைங்கக்கா."

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "நல்லாருக்குதே" என்றார்.

சற்றுமுன் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன் போல. கனவில், கொடியில் வெள்ளை பனியன் துணிகள் காற்றில் ஆட, நடுவே இரண்டு சிறுமிகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். "பூவிழி" என்று கூப்பிட்டேன். இரண்டு பேருமே திரும்பிப் பார்த்தார்கள்.